கட்டி யார் பக்கம்

வினிப்பெக் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் நிலவறையில், சலவைக்கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவில், நோய்க்கூறியல் பிரிவு இருந்தது. ஜன்னல் இல்லாத இடம். மேலே பனி கொட்டினாலும் வெயில் அடித்தாலும் கீழே ஒரே குழல்விளக்கு வெளிச்சம்தான். மாடியில் அறுத்தெடுக்கிற கட்டி, குடல், மச்சம், பித்தப்பை எல்லாம் கடைசியில் அங்கேதான் இறங்கி வரும். அவற்றை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நல்லதா கெட்டதா என்று சொல்வதுதான் டாக்டர் ஒரெஸ்ட் மெல்னிக்குக்கும் டாக்டர் வெர்னா பென்னர் அம்மையாருக்கும் வேலை. இருவருடைய அறைகளும் எதிரெதிரே. இருவரும் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

பேசாமல் எப்படி வேலை நடக்கும் என்றால், செயலாளர் கொலீன் மூலமாக நடந்தது. கொலீனின் மேசை இரண்டு கதவுக்கும் பொதுவாக நடைக்கூடத்தில் கிடந்தது.

"கொலீன், எதிர் ரூம்காரர் அந்தக் கிட்னி ஸ்லைடை முடிச்சுட்டாரான்னு கேளுங்க," என்பார் வெர்னா, எதிர் அறைக் கதவு அகலத் திறந்திருக்கும்போதே.

"நேத்தே முடிச்சாச்சுன்னு சொல்லுங்க, கொலீன்," என்பார் ஒரெஸ்ட்.

கொலீன் தலையைக்கூட நிமிர்த்தமாட்டார். "சொல்லிட்டேன்," என்பார், இருவருக்கும் சேர்த்து.

ஒரு காலத்தில் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள்தான். ஒரெஸ்ட் வீட்டுப் பெரோகிக் கொழுக்கட்டையும், வெர்னாவின் அண்ணன் பண்ணையிலிருந்து வரும் புகையூட்டிய சாசேஜும் ஒரே தட்டில் கலந்துகிடந்த காலம் அது. அதைக் கெடுத்தது ஒரு கொழுப்புக் கட்டி.

வடக்கே ஏரிக்கரையில் இருந்த ஒரு மீனவரின் தொடையிலிருந்து எடுத்தது. சின்னத் தேங்காய் அளவு, வெண்ணெய் நிறம். ஒரெஸ்ட் பார்த்தார். சாதாரணக் கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதினார். கையெழுத்துப் போடும் முன் இன்னொரு கண் பார்க்கட்டுமே என்று ஸ்லைடை வெர்னாவிடம் கொடுத்தார். அந்த நல்லெண்ணம்தான் வினையாகப் போயிற்று.

"இந்த மூலையில நாலஞ்சு செல் கறுத்து உப்பிக் கெடக்கு, பாத்தியா? இதுங்க நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க இல்ல," என்றார் வெர்னா. "இது கெட்ட சாதிக் கட்டி. திரும்ப வரும்."

"நாலஞ்சு பேர் மூஞ்சி சரியில்லன்னு ஊரையே ஜெயில்ல போடுவியா?"

"போடணும்னா போடுவேன்."

வெர்னா இன்னும் சில சீவல்கள் கேட்டார். ஒரெஸ்ட் அதை மறுக்க இன்னும் சில கேட்டார். இவர் ஒரு சாயம், அவர் ஒரு சாயம். சந்தேகத்துக்கிடமான செல்கள் இருந்தது ஒரே ஒரு மெழுகுக் கட்டையில். மீதிக் கொழுப்பை வழக்கப்படி எரித்தாகிவிட்டது. ஒருநாள் சீவல் எடுக்கும் பெண் வந்து, "இனிமே சீவுறதுக்கு மெழுகு மட்டும்தான் இருக்கு, கட்டியக் காணோம்," என்றாள். சண்டை கட்டியைத் தின்று தீர்த்திருந்தது.

அப்போதிருந்த பிரிவுத் தலைவர் சமாதானப் பிரியர். இருவர் கருத்தையும் பெயரில்லாமல் அடுத்தடுத்துப் போட்டு, கீழே 'உறுதியாகக் கூற இயலவில்லை, நோயாளியைக் கண்காணித்து வரவும்' என்று எழுதித் தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். இருவருக்கும் அது அவமானமாகிவிட்டது. ஒரெஸ்ட் அந்த ஸ்லைடின் படத்தை ஒரு மாநாட்டுக்குக் கொண்டுபோய், சும்மா கிடக்கும் கட்டியைப் பார்த்துப் பதறுவதற்கு உதாரணமாகக் காட்டினார். வெர்னா அதே படத்தை மாணவர்களுக்கு, பதற வேண்டிய இடத்தில் தூங்குவதற்கு உதாரணமாகக் காட்டினார். அதோடு பேச்சு நின்றது. அவர் டாக்டர் பென்னர் ஆனார், இவர் டாக்டர் மெல்னிக் ஆனார். பதினாறு வருடம் ஓடிப்போயிற்று.

இந்தக் குளிர்காலத்தில் மரிசெல் லகாஸ்கா என்ற பெண்மணி பிரிவுத் தலைவராக வந்தார். வயதில் இருவரையும்விட மிக இளையவர். கொழுப்புக் கட்டிகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். மரபணுவைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் பரிசோதனை இப்போது இருக்கிறது. பழைய மெழுகுக் கட்டைகளை எல்லாம் எடுத்து அதில் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் விடை வந்தது, ஒன்றைத் தவிர. இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்.

"இங்கிமார் தோர்வால்ட்சன். இவரோட கட்டில ஒரு துணுக்குகூடவா மிச்சமில்ல?"

இருவரும் மேசை விளிம்பைப் பார்த்தார்கள்.

"டாக்டர் பென்னர் நிறைய சீவச் சொன்னாங்க," என்றார் ஒரெஸ்ட்.

"டாக்டர் மெல்னிக் அதைவிட நிறைய," என்றார் வெர்னா.

மரிசெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ஆள் உயிரோடதான் இருக்கார். கால்ல திரும்ப வந்துதா இல்லையான்னு தெரிஞ்சா போதும். லெட்டர் போட்டேன், பதிலில்ல. போன் பண்ணினா அந்த வீட்டம்மா எடுத்தாங்க. 'அவர் டவுனுக்கு வரமாட்டார், ஏரி மேல உக்காந்திருக்கார், வேணும்னா வந்து பாத்துக்கோங்க, எனக்கும் ஒரு முடிவு தெரிஞ்சாகணும்'னாங்க. யாராவது ஒருத்தர் போயிட்டு வாங்க."

"நான் போறேன்," என்றார்கள் இருவரும்.

"டாக்டர் மெல்னிக் தனியாப் போனா, கால் முழுக்கக் கட்டி இருந்தாலும் ஒண்ணுமில்லன்னுதான் வந்து சொல்வார்."

"டாக்டர் பென்னர் போனா முழங்கால் முட்டியப் பாத்துட்டு கேன்சர்னு வந்து நிப்பாங்க."

"அப்ப ரெண்டு பேரும் போங்க," என்றார் மரிசெல்.

தனித்தனிக் காரில் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அன்று காலை மைனஸ் முப்பத்திரண்டு. வெர்னா முந்தின இரவு காரின் எஞ்சின் சூடேற்றியை மின்சாரத்தில் செருக மறந்துவிட்டார். கார் விறைத்துக் கட்டையாகிவிட்டது. அவர் கொலீனுக்குப் போன் செய்தார். கொலீன் ஒரெஸ்டுக்குப் போன் செய்தார். ஒரெஸ்ட் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தார்.

காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் ஒரு சிக்கல் புரிந்தது. நடுவில் கொலீன் இல்லை. கிம்லி என்ற ஊர் வரைக்கும் இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். கிம்லி தாண்டி ஒரு திருப்பத்தை ஒரெஸ்ட் தவறவிட்டார். வழிகாட்டும் போனைப் பார்த்து வெர்னா சொன்னார்: "நீ சரியாத்தாம்மா சொன்னே, கிழக்கேன்னு. சிலபேருக்கு எதிர்ல இருக்கிறதே தெரியாது."

"அது ஐஸ்ல மறைஞ்சிருந்துதுன்னு அவங்ககிட்ட சொல்லும்மா," என்றார் ஒரெஸ்ட், அதே போனிடம்.

போன், இருநூறு மீட்டரில் திரும்பவும் என்றது.

ஒரெஸ்டுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. வெர்னாவிடம் தோற்றுவிடுவோமோ என்பது ஒரு பாதிதான். படித்து முடித்ததிலிருந்து அவர் உயிருள்ள நோயாளி ஒருவரைக்கூடத் தொட்டதில்லை. ஆயிரக்கணக்கானவர்களின் ஈரலையும் நுரையீரலையும் அங்குலம் அங்குலமாக அறிவார். ஒருவரிடம்கூடச் சௌக்கியமா என்று கேட்டதில்லை. ஸ்லைடு எதிர்க்கேள்வி கேட்காது. அதனால்தான் அவர் இந்தத் துறைக்கே வந்தார்.

நீலப் பலகை வீடு. கதவைத் திறந்த வீட்டம்மா ஸ்வாவா எழுபது தாண்டியவர், நல்ல உயரம், மேல்துணியில் மாவு. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காபி ஊற்றும் முன்பே கேட்டார்:

"இதுல ஒண்ணுமில்லன்னு சொன்னது யாரு?"

ஒரெஸ்ட் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினார். ஸ்வாவா உலர்பழம் வைத்த அடுக்குக் கேக்கில் தாராளமான ஒரு துண்டு வெட்டி அவர் முன்னால் வைத்தார். வெர்னாவுக்கு வெட்டிய துண்டு மைக்ராஸ்கோப்புக்குச் சீவியது போல இருந்தது.

"நான் சொல்றதக் கேளுங்க," என்று எதிரே உட்கார்ந்தார். "அந்த ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்ப எனக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் புருஷன் செத்து எட்டு வருஷம் நிம்மதியா இருந்தேன். இந்த மனுசன் வந்து கதவத் தட்டினார். 'ஒரு டாக்டர் சாவேன்னுட்டாங்க, ஒருத்தர் சாகமாட்டேன்னுட்டார், எனக்கென்னமோ சாவேன்னுதான் தோணுது, கடைசிக் காலத்துல ஒரு துணை வேணும்'னார். பாவமா இருந்துது. ஒரு ஆறு மாசம்தானேன்னு ஒத்துக்கிட்டேன்."

வெர்னா காபிக் கோப்பைக்குள் பார்த்தார்.

"ஆறு மாசம், டாக்டர். பதினாறு வருஷம் ஆகுது, இதையே எத்தனை தடவ கேக்குறது? பனி வாரமாட்டார், கேன்சர். தட்டு கழுவமாட்டார், கேன்சர். ப்ராண்டன்ல என் தங்கச்சி வீட்டுக்கு வரமாட்டார், கேன்சர்காரன் அவ்வளவு தூரம் உக்காந்து வரக்கூடாதாம். ஆனா விடிஞ்சா ஏரி மேல போய் பனிக்கட்டில ஓட்ட போட்டு நாள் பூரா மீன் பிடிப்பார். மீன் பிடிக்கிறதுக்கு மட்டும் அந்தக் கேன்சர் ஒத்துக்குது." மேல்துணியில் கையைத் துடைத்தார். "நீங்க போய் அவர் மூஞ்சிக்கு நேரா ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வாங்க. இன்னொரு துண்டு தரேன்."

ஏரி மேல் காரிலேயே போகலாம் என்று ஸ்வாவா கையைக் காட்டினார். கரையோரத்தில் ஒரெஸ்ட் காரை நிறுத்திவிட்டார். எதிரே வெள்ளை வெளேரென்று முடிவில்லாத ஏரி. தூரத்தில் குடிசைகள் புள்ளி புள்ளியாக நின்றன. அவருடைய எடைக்கு மொட்டைமாடியில் நிற்பதற்கே யோசிப்பார்.

"இறங்கு, நான் ஓட்டறேன்," என்றார் வெர்னா. பண்ணையில் வளர்ந்தவர். பதினாறு வருடத்தில் அவர் ஒரெஸ்டிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அதைக் கவனிக்கிற நிலைமையில் ஒரெஸ்ட் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

குடிசைக்குள் சின்ன அடுப்பு எரிந்தது. நடுவில் பனியில் ஓர் ஓட்டை, கறுத்த தண்ணீர், அதில் தூண்டில். பக்கத்தில் இங்கிமார் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சிவந்த மூக்கு, தாடியில் உறைபனி. விஷயத்தைக் கேட்டதும் முதல் கேள்வி:

"சாவேன்னு சொன்னது யாரு?"

"சாவீங்கன்னு நான் எழுதல, திரும்ப வரலாம்னுதான்," என்று ஆரம்பித்தார் வெர்னா.

"உக்காருங்க, டாக்டரம்மா, உக்காருங்க." மெத்தை போட்ட நாற்காலி வெர்னாவுக்குப் போயிற்று. ஒரெஸ்டுக்குக் கவிழ்த்த வாளி. "உங்களாலதான் எனக்குக் கல்யாணமே ஆச்சு. எட்டு வருஷமா ஸ்வாவாவக் கேக்கணும் கேக்கணும்னு நெனச்சு வாய் வரல. நீங்க எழுதினதப் படிச்ச அன்னிக்கே போய் கேட்டுட்டேன். உங்கள மாதிரி நாலு டாக்டர் வேணும் இந்த நாட்டுக்கு." ஒரெஸ்டைத் திரும்பிப் பார்த்தார். "உங்கள வீட்டுக்காரி அனுப்பியிருப்பா. கேக் குடுத்தாளா?"

"குடுத்தாங்க."

"பெரிய துண்டா?"

ஒரெஸ்ட் உதட்டோரத்தில் ஒட்டியிருந்த கேக் துணுக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பாருங்க ஐயா, நீங்க நல்லவர்தான். ஆனா ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இந்த வசந்தத்துல அவ வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கணுங்கறா. ரெண்டு மாடி."

வெர்னா வாயைப் பொத்திக்கொண்டார். ஒரெஸ்ட் தொண்டையைக் கனைத்து, இந்த மாதிரி நேரத்தில் டாக்டர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று ஞாபகப்படுத்திப் பார்த்துக் கேட்டார்: "ஆபரேஷன் பண்ணின இடத்துல திரும்ப ஏதாவது வந்துதா?"

"இல்ல," என்றார் இங்கிமார்.

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. அதுவரைக்கும் வார்த்தைக்கு நாலு வார்த்தை பேசிய மனிதர். ஒரெஸ்ட் அவரைப் பார்த்தார். இங்கிமார் தண்ணீரைப் பார்த்தார்.

"கேன்சர்னு சொல்லச் சொல்றீங்க, திரும்ப வரலன்னும் சொல்றீங்களே," என்றார் வெர்னா மெதுவாக. "காலக் காட்டுங்க, ஒரு பார்வை பாத்துடுறோம்."

"இந்தக் குளிர்ல பேன்ட்ட அவுக்கச் சொல்றீங்களே, டாக்டரம்மா. அதுவும் ஒரு பொம்பள முன்னாடி."

வெர்னா எழுந்தார். தூண்டிலை எடுத்துக்கொண்டு, "நான் பக்கத்து ஓட்டைல உக்காந்திருக்கேன்," என்று வெளியே போனார். கதவு மூடியது. அடுப்பில் விறகு வெடித்தது. கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்த ஒரெஸ்டுக்கு வேறு வழி தோன்றவில்லை. காத்திருந்தார். இங்கிமார் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, எழுந்து, இரண்டு அடுக்குக் கம்பளிக் கால்சட்டையை இறக்கினார்.

தொடையில் பழைய தழும்பு வெள்ளையாக ஓடியது. அதன் அடியில் கோழிமுட்டை அளவு ஒரு வீக்கம்.

ஒரெஸ்ட் கையுறையைக் கழற்றி, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, தொட்டார். மிருதுவாக, உருட்டினால் லேசாக அசைந்தது. முதலில் வந்த எண்ணம், அவள் சொன்னது சரி என்பதுதான். மறுத்துச் சொல்லப் பழகிய மனது உடனே, சாதாரணக் கட்டியும் திரும்ப வரும் என்று வாதாடியது. ஆனால் கைக்கு அடியில் இருந்த தசை நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரில்லை. குடிசை சூடாகவே இருந்தது. ஸ்லைடு நடுங்காது.

"எப்பலேர்ந்து?"

"போன வேனல்லேர்ந்து." சற்றுப் பொறுத்து, "அதுக்கு முன்னாடியும் கொஞ்சம் இருந்துது."

"ஸ்வாவாவுக்குத் தெரியுமா?"

"ஐயையோ, தெரியாது."

"ஊர்பூரா கேன்சர் கேன்சர்னு சொல்லிட்டு, இத ஏன் சொல்லல?"

இங்கிமார் கால்சட்டையை மேலே இழுத்துக்கொண்டார். "அது சும்மா சொன்னது, ஐயா. சும்மா இருக்கறப்ப சொல்றது சுலபம். அவளும் திட்டுவா, நானும் சிரிப்பேன், பொழுது போகும். இத சொன்னா அவ திட்டமாட்டா. திட்டாத ஸ்வாவாவ நான் பாத்ததில்ல. பாக்கவும் வேண்டாம்."

ஒரெஸ்ட் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்கு வரி இல்லை. இங்கிமாரின் தோளில் ஒரு கை வைத்தார். வைத்த கையை எப்போது எடுப்பது என்பதும் தெரியாமல் அப்படியே நின்றார்.

அப்போது வெளியே ஒரு சத்தம். ஒரெஸ்ட் கதவைத் திறந்தார். வெர்னா பனியில் மல்லாந்து கிடந்தார். மார்பின் மேல் ஒரு பெரிய பிக்கரல் மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

"செவுளப் பிடிங்க, செவுள," என்று இங்கிமார் கால்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினார். மீனைப் பிடித்து நிமிர்ந்தவர் பெருமையோடு சொன்னார்: "இந்த சீசன்ல இவ்வளவு பெரிசு நானே பிடிக்கல. கெட்டிக்காரி."

"வெர்னா, உள்ள வா. நீயும் தொட்டுப் பாக்கணும்," என்றார் ஒரெஸ்ட்.

அவர் முகத்தைப் பார்த்ததுமே வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வந்து, இங்கிமார் இந்தத் தடவை மறுக்காமல் காட்ட, கையைச் சூடாக்கித் தொட்டுப் பார்த்தார். ஒரெஸ்ட் அந்த முகத்தில் வெற்றியைத் தேடினார். இத்தனை வருடமாக அந்த முகத்தைக் கற்பனை செய்து வைத்திருந்தார். உதட்டோரம் ஒரு சுழிப்பு, ஒரு 'நான் அப்பவே சொன்னேன்'. எதுவும் வரவில்லை. வெர்னா இரண்டாவது தடவை தொட்டுப் பார்த்தார், தான் தவறாக இருந்தால் தேவலை என்பது போல.

"இன்னிக்கே எங்ககூட வாங்க," என்றார்.

"சீசன் முடியட்டும், டாக்டரம்மா."

"நீங்க என்னத்தான நம்புறீங்க? நான் சொல்றேன், வாங்க."

கரைக்குத் திரும்பும்போது காரில் ஒரு பிரச்சினை எழுந்தது. ஸ்வாவாவிடம் யார் சொல்வது. இங்கிமார் சொல்லமாட்டேன் என்றார். வெர்னா, தனக்கு அந்த வீட்டில் செல்வாக்கு இல்லை என்றார்.

"என்னால முடியாது," என்றார் ஒரெஸ்ட். "ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்காக அந்தம்மா எனக்குக் கேக் குடுத்திருக்காங்க. தின்னுட்டேன்."

கடைசியில் அவர்தான் சொன்னார். மிக மோசமாகச் சொன்னார். நடுவில் இரண்டு லத்தீன் வார்த்தை வந்துவிட்டது. ஸ்வாவா அடுப்புக்கு முன்னால் நின்று முழுவதையும் கேட்டார். பிறகு சூடு பிடிக்கும் துணிக் கையுறையைக் கழற்றி இங்கிமாரின் தலையிலும் தோளிலும் மாறி மாறி அடித்தார்.

"பதினாறு வருஷம் கேன்சர்னு சொல்லி என் உயிர வாங்கினே. நெஜமா ஒண்ணு வந்தா எங்கிட்ட மறச்சு வெப்பியா? ஆளா நீ?"

இங்கிமார் அடியை வாங்கிக்கொண்டே ஒரெஸ்டைப் பார்த்தார். அந்தக் கண்ணில் அப்படியொரு நிம்மதி. திட்டுகிறாள்.

கை ஓய்ந்த பிறகு ஸ்வாவா நாற்காலியில் உட்கார்ந்து மேல்துணியால் முகத்தை மூடிக்கொண்டார். துணியை எடுத்தபோது கண் சிவந்திருந்தது. "இவரோட நல்ல பனியன் எல்லாம் துவைக்கப் போட்டிருக்கேன்," என்றார், எழுந்து பெட்டி அடுக்கப் போனார்.

வினிப்பெக்குக்குத் திரும்பிய காரில் நாலு பேரும் ஒரு மீனும் இருந்தார்கள். பின்சீட்டில் சண்டை நிற்கவே இல்லை. முன்சீட்டில் இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை அதற்குக் காரணம், பேச இடம் கிடைக்காததுதான்.

அறுவை சிகிச்சை அந்த வாரமே நடந்தது. கட்டி நிலவறைக்கு இறங்கி வந்தபோது ஒரெஸ்டும் வெர்னாவும் வாங்க நின்றார்கள். அளவைப் பார்த்து, வெட்டிப் பார்த்து, "இந்தத் தடவை எல்லாத்தையும் மெழுகுல வைங்க, ஒரு துணுக்கு வீணாகக் கூடாது," என்று ஒரே சமயத்தில் சொன்னார்கள். சீவல் எடுக்கும் பெண்ணுக்கு இது புதிதாக இருந்தது.

மரபணுப் பரிசோதனையின் முடிவு வரும்வரை ஒரெஸ்ட் சரியாகச் சாப்பிடவில்லை. முன்பெல்லாம் தன் பெயர் என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டிருப்பார். இப்போது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது அந்தத் தசையின் நடுக்கம். உயிருள்ளவர்களைத் தொடுவதில் இந்த ஒரு தொந்தரவு இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார். மனைவி, "முப்பத்தோரு வருஷத்துக்கப்புறம் கண்டுபிடிச்சிருக்கீங்க," என்றார்.

மரிசெல் இருவரையும் கூப்பிட்டு முடிவைச் சொன்னார். கெட்ட சாதிதான். பதினாறு வருடம் முன் வெர்னா சொன்னதேதான். ஆனால் அந்தச் சாதியிலேயே சாதுவானது. வேறெங்கும் பரவவில்லை. அறுவை மருத்துவர் சுற்றிலும் தாராளமாக வெட்டியெடுத்துவிட்டார். இந்தக் கட்டி, அது இருக்கிற குணத்திலேயே இருந்தால், திரும்ப வந்தாலும் அதே இடத்தில்தான் வரும். வருடா வருடம் பார்த்துக்கொண்டால் போதும். "கை கால்ல வர்ற இந்த வகைக்கு இப்பல்லாம் கேன்சர்ங்கற பேரையே போடறதில்ல," என்றார் மரிசெல்.

இருவரும் மாடிக்குப் போய் நேரில் சொன்னார்கள். இங்கிமார் தலையணையில் சாய்ந்து கேட்டார்.

"அப்ப கேன்சர் இருந்துதா, இல்லையா?"

"இருந்துது, ஆனா இப்ப அதுக்குப் பேர் அது இல்ல," என்றார் ஒரெஸ்ட்.

"வேல செய்யலாமா?" என்று கேட்டார் ஸ்வாவா.

இங்கிமார் வெர்னாவைப் பார்த்தார். கடைசி நம்பிக்கை அவர்தான். வெர்னா போர்வையை நேராக்கிவிட்டு, "காயம் ஆறினதும் நல்லா நடக்கணும், குனிஞ்சு நிமிரணும். ஏணி ஏறினாலும் ஒண்ணும் ஆகாது," என்றார்.

"டாக்டரம்மா, நீங்களுமா," என்றார் இங்கிமார்.

"வெள்ளை அடிக்கலாமா மஞ்சள் அடிக்கலாமான்னு பாத்துட்டிருக்கேன்," என்றார் ஸ்வாவா.

கீழே இறங்கி வந்ததும் ஒரெஸ்ட் நேராக வெர்னாவின் அறைக்குள் போனார். பதினாறு வருடத்தில் அந்த அறையில் சுவர்ப் படமும் நாற்காலியும் மாறியிருந்தன. உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்:

"நீ சொன்னதுதான் சரி. நான் தப்பு. கட்டுரையில அப்படியே எழுதிடலாம், என் பேரப் போட்டே."

"எழுத முடியாது," என்றார் வெர்னா. "நான் அந்தப் பழைய ஸ்லைட நேத்துத் திரும்பப் பாத்தேன். சாயம் வெளுத்திருக்கு, ஆனா தெரியுது. அத வெச்சுக்கிட்டு அன்னிக்கு யாராலயும் உறுதியாச் சொல்லியிருக்க முடியாது, ஒரெஸ்ட். எனக்கே பாதி நாள் சந்தேகம்தான்."

ஒரெஸ்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சந்தேகமா?"

"கொஞ்சம்."

"சந்தேகத்த வெச்சுக்கிட்டா என்னப் பதினாறு வருஷம் முட்டாளாக்கின? மாணவங்களுக்கெல்லாம் படம் போட்டுக் காட்டின?"

"நீ மாநாட்டுல காட்டினப்ப நான் என்ன பண்றது?"

"அந்தச் செல்லெல்லாம் கன்னங்கரேல்னு இருந்துது, வெர்னா. குருடன்கூடச் சொல்லியிருப்பான் கெட்டதுன்னு. நான் பாக்காம விட்டேன், அதுதான் உண்மை."

"கறுத்திருந்தா கெட்டதாயிடுமா? நாலு செல்லப் பாத்து முடிவு கட்டற ஆளா நீ?"

சத்தம் நடைக்கூடம் முழுக்கக் கேட்டது. சலவைக்கூடத்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். மரிசெல் தன் அறையிலிருந்து வேகமாக வந்து கொலீனிடம் என்ன கலாட்டா என்று கேட்டார்.

"பேசிக்கறாங்க," என்றார் கொலீன்.

கட்டுரையின் அந்த ஒரு பத்திக்கு இருவரும் ஆளுக்கொரு வடிவம் எழுதினார்கள். ஒரெஸ்ட் எழுதியதில் தப்பு முழுக்க ஒரெஸ்டுடையது. வெர்னா எழுதியதில் யாருடையதும் இல்லை. மரிசெல் இரண்டையும் படித்துவிட்டு, சாப்பிட்டு வந்து ஒன்றாக உட்கார்ந்து ஒரே வடிவமாகக் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பினார். இருவரும் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு மாடி ஏறினார்கள். வெளியே குளிர் சற்றுக் குறைந்திருந்தது. தெருக்கோடியில் சூப்புக் கடை வரைக்கும் அதே வாக்கியத்தைப் பற்றி வாதாடிக்கொண்டே நடந்தார்கள். ஒரெஸ்ட் கடைக் கதவைத் தள்ளுவதற்குப் பதிலாக இழுத்துக்கொண்டு நின்றார். "தள்ளு," என்றார் வெர்னா, "தள்ளு, ஒரெஸ்ட்," அவரே கை நீட்டித் தள்ளிவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.